தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை: மலையகத்தில் இருந்து போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

அம்மாவின் கண்ணாடி மைனஸ் 13. இரண்டு கண்களிலும் புரை விழுந்து வில்லை (லென்ஸ்) மாற்றினார்கள். பார்வை நன்றாகவே வந்தது. சில மாதங்களுக்குப் பிறகு எடுத்த கண் நரம்பு ஸ்கேன் அறிக்கையில் பாதி வட்டம் சிவப்பாக இருந்தது. "விழித்திரை நரம்பு மெலிந்துவிட்டது" என்றார்கள். அது சத்திரசிகிச்சையால் வந்ததா, கண் அழுத்த நோயா (குளுக்கோமாவா), பிறவியிலேயே அப்படியா என்று தெரிந்துகொள்வதற்காக மஸ்கெலியாவுக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே வெகுநாள் அலைந்தோம். சரியான நேரத்தில் சரியான காகிதம் கையில் இருந்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சாதாரணக் கண்ணில் புரை எடுப்பது இப்போது காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலை. அதிகக் கிட்டப்பார்வை உள்ள கண்ணுக்கு அதற்கு முன்னும் பின்னும் தனிக் கவனம் வேண்டும். அடுத்த லயத்து அக்காவுக்கு நடந்ததை வைத்து உங்கள் கண்ணுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

1. உங்கள் கண் இந்த வகையா என்று பாருங்கள்

கண்ணாடிச் சீட்டில் மைனஸ் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகக் கிட்டப்பார்வை. ஆனால் புரை முற்றும்போது அதுவே மைனஸ் எண்ணைக் கூட்டிவிடும். ஐம்பது வயது வரை மைனஸ் 2 ஆக இருந்தவருக்கு இப்போது மைனஸ் 7 என்றால் காரணம் புரையாக இருக்கலாம். ஆகவே இளவயதுச் சீட்டைத் தேடி எடுங்கள். அதைவிட உறுதியானது கண்ணின் நீளம். சாதாரணக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். 26 அல்லது அதற்கு மேல் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

நீண்ட கண்ணில் விழித்திரை, இழுத்துப் பிடித்த ரப்பர் தாளைப் போல மெலிந்திருக்கும். ஓரங்களில் சிறு துளைகள் இருக்கலாம். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடமும் சாய்ந்து, விரிந்து காணப்படும். வில்லையை மாற்றினால் கண்ணாடி எண் குறையும். கண்ணின் நீளம் குறையாது. மைனஸ் 13 பூச்சியமாகிவிட்டாலும் உள்ளே இருப்பது அதே மைனஸ் 13 கண்தான். பின்னாளில் புதிய வைத்தியர் ஒருவரிடம் போகும்போது கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்து அவருக்கு இது தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2. பையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய கண்ணாடிச் சீட்டுகள், முன்பு எடுத்த கண் ஸ்கேன்கள், லேசர் போட்டிருந்தால் அதன் விவரம், இப்போது குடிக்கும் மருந்துகள் அனைத்தும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, சீனி வருத்தத்துக்கான மாத்திரை, ஆண்கள் சிறுநீர்த் தடைக்கு எடுக்கும் டாம்சுலோசின் ஆகிய மூன்றையும் சொல்லாமல் விடவே கூடாது. கடைசியாகச் சொன்ன மருந்து சத்திரசிகிச்சையின்போது கருவிழித் திரையைத் தளரவைத்துவிடும். நிறுத்திவிட்டாலும் அதன் விளைவு இருக்கலாம். ஆகவே முன்பு எடுத்திருந்தாலும் சொல்லுங்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் ஒரு பெயர், கிளினிக் கொப்பியில் அதே பெயர் வேறு எழுத்துகளில், தோட்டப் பதிவில் மூன்றாவது விதமாக இருக்கும். வைத்தியம் பார்க்க இது தடையில்லை. பின்னால் ஏதாவது நிதியத்திடம் காசு கேட்கும்போது தடையாகும். முதல் நாளே கொப்பியில் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

தனியாரிடம் ஸ்கேன் எடுத்தால் முடிவை எழுதிய துண்டுடன் திரும்பி வராதீர்கள். படமும் எண்களும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் லயத்து அறையில் காகிதம் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

3. புரையை எடுக்கும் முன் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையின் ஓரம் வரை பார்க்க வேண்டும். புரை அடர்த்தியாக இருந்து உள்ளே தெரியாவிட்டால் கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்வார்கள். வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஓரத்தில் துளையோ மெலிந்த இடமோ இருக்கிறதா? கண்ணுக்குள் இருக்கும் கூழ் விழித்திரையை விட்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? நடுப்பகுதியில், அதாவது வாசிக்கும் பார்வைக்குரிய இடத்தில், பழைய சேதம் உண்டா?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கூழ் வயதாகும்போது தானாகவே விழித்திரையில் இருந்து பிரியும். வில்லை மாற்றினால் அது சீக்கிரமே நடக்கும். பிரியும்போது மெலிந்த விழித்திரையை இழுத்துக் கிழிக்கலாம். கிழிசல் வழியாக நீர் புகுந்தால் விழித்திரை சுவரில் இருந்து கழன்றுவிடும். ஆகவேதான் ஐம்பதைத் தாண்டாத வயதில் புரை எடுக்கும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, ஆபத்து கூடுதல்.

கிழிசலோ ஆபத்தான துளையோ இருந்தால் சுற்றிலும் லேசர் போடுவார்கள். அந்தத் தழும்பு நன்றாகப் பிடிக்க ஏறக்குறைய இரண்டு கிழமை ஆகும். புரை சத்திரசிகிச்சைத் திகதியை அதற்குப் பிறகு வைப்பார்கள்.

மூன்றாவது கேள்வியின் பதில் எவ்வளவு பார்வையை எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்லும். நடுப்பகுதி ஏற்கெனவே தேய்ந்திருந்தால் புரை போனாலும் சிறிய எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். முன்கூட்டித் தெரிந்தால் மனம் உடையாது.

கண்மணியை விரித்த நாளில் பல மணித்தியாலம் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். தனியாகப் போகாதீர்கள். கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். போயா நாட்களிலும் பொது விடுமுறைகளிலும் கிளினிக் நடப்பதில்லை. திகதி எழுதும்போதே கலண்டரைப் பாருங்கள். ஒரு நாள் போனால் நோயாளிக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும், கூடப் போகிறவருக்கு இன்னொரு பேர்.

4. வில்லையின் அளவு

நீண்ட கண்ணில் அளவு பிசகுவது எளிது. கண்ணின் பின்சுவர் பிதுங்கியிருந்தால் அல்ட்ராசவுண்ட் அளவு தவறான இடத்தைத் தொடலாம். ஒளியால் அளக்கும் இயந்திரம் இந்தக் கண்களுக்கு நல்லது. புரை மிக அடர்த்தியாக இருந்தால் அந்த ஒளி உள்ளே போகாது. முற்றவிட்டுக் காத்திருக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய கணக்கு முறைகள் நீண்ட கண்ணில் சற்றுக் குறைவான வில்லையைக் காட்டி, கடைசியில் பிளஸ் எண்ணில் கொண்டுபோய் விடும். பாரெட் போன்ற புதிய முறைகள் மேலானவை. "நீளக் கண்ணுக்குப் பொருந்தும் கணக்கில் பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. கண்ணின் மேல் போடும் கொன்டாக்ட் லென்ஸ் பாவிப்பவர்கள் அளவு எடுப்பதற்கு முன்பு எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேளுங்கள்.

நீண்ட கண்ணுக்கு மிகக் குறைந்த சக்தி உள்ள வில்லை தேவைப்படும், சிலருக்கு மைனஸ் வில்லைகூட. இவை எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. அளவு எடுத்த அன்றே "இந்த வில்லை இருக்கிறதா, தருவிக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திகதியை முடிவு செய்ய வேண்டும். சத்திரசிகிச்சைக்கென்று முதல்நாள் இரவே புறப்பட்டுப் போய், வில்லை இல்லை என்று திரும்பி வருவது கொடுமை.

அடுத்தது நீங்களே எடுக்க வேண்டிய முடிவு. தூரப் பார்வைக்கு வில்லை வைத்தால் வாசிக்கக் கண்ணாடி தேவை. மைனஸ் 2, 3 அளவில் வைத்தால் கிட்டத்தில் கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம், தூரத்துக்கு மெல்லிய கண்ணாடி போதும். வாழ்நாள் முழுவதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோத்துப் பழகியவர்களுக்கு அந்த வசதி திடீரென்று இல்லாமல் போவது பெரிய இழப்பு. அம்மா கிட்டப் பார்வையைக் கேட்டார். தையல், அரிசி பார்ப்பது, பூசைப் புத்தகம் எல்லாம் கண்ணாடி இல்லாமல் நடக்கிறது.

ஒரு கண் முடிந்து மறு கண் முடியும் வரை உள்ள இடைவெளியையும் கேளுங்கள். ஒன்று பூச்சியம், மற்றது மைனஸ் 13 என்றால் எந்தக் கண்ணாடியாலும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. தலை சுற்றும், படியில் கால் தவறும். மலைச்சரிவில் நடக்கிறவர்களுக்கு இது விளையாட்டு அல்ல. இரண்டாவது கண்ணின் திகதியையும் முதலிலேயே பேசிவையுங்கள்.

5. காசு

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். கையிருப்பு இல்லாதபோது வில்லையையும் சில சொட்டு மருந்துகளையும் வெளியில் வாங்கச் சொல்லலாம். நரம்பு ஸ்கேன் எல்லா இடத்திலும் இல்லை, அதற்கும் வெளியே செலவாகலாம். தனியாரில் விலை கேட்கும்போது ஒரே தொகையைக் கேட்டுவிட்டு வராதீர்கள். அதில் வில்லை, மருந்து, அடுத்த நாள் பரிசோதனை, ஒரு மாதப் பரிசோதனை அடங்குமா என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். ஒரு தனியார் நிலையத்தில் எங்களுக்குச் சொன்ன தொகையில் வில்லை அடங்கவில்லை என்பது காசு கட்டும் இடத்தில்தான் தெரிந்தது.

வேலையில் இருப்பவர்கள் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை மறக்கக் கூடாது. சேமலாப நிதியம் வேறு, இது வேறு. கண்ணுக்குள் வைக்கும் வில்லைக்கு உதவும் திட்டம் அந்த நிதியத்தில் இருக்கிறது. பலர் ஓய்வு பெற்று எல்லாவற்றையும் எடுத்த பிறகே கேள்விப்படுகிறார்கள். தோட்ட அலுவலகத்தில் படிவத்தையும் தேவையான ஆவணங்களையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். அரச ஊழியராக, ஆசிரியராக இருப்பவர்களுக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. வசதி குறைந்தவர்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். எல்லாவற்றிலும் கேட்பது ஒன்றுதான்: முழுப் பெயர் உள்ள பற்றுச்சீட்டு. வில்லைப் பெட்டியில் சக்தியும் தொடர் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சிட்டை இருக்கும். அதில் ஒன்றைக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இருபது வருடத்துக்குப் பிறகும் அது உதவும்.

6. சத்திரசிகிச்சை நாள்

கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கவைப்பதாக இருந்தால், ஊசிக்கு முன் "எனக்கு நீளமான கண்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீண்ட கண்ணை ஊசி முனை குத்திவிடும் ஆபத்து சற்றுக் கூடுதல். சொட்டு மருந்தாலோ மழுங்கிய குழாயாலோ மரக்கவைக்கும் முறைகளும் உள்ளன. மற்றபடி இந்த நாள் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

7. முதல் ஆறு கிழமை

ஸ்டீரொயிட் சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நான்கு முதல் ஆறு கிழமை விடுவார்கள். கிட்டப்பார்வைக்காரர்கள் சிலருக்கு இந்த மருந்தாலேயே கண் அழுத்தம் ஏறும். வலியே இருக்காது. ஆகவே மருந்து விடும் காலத்தில் அழுத்தத்தை அளந்தார்களா என்று பார்த்து, எண்ணைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மருந்து முடிந்துவிட்டது என்று நீங்களாகவே இன்னொரு போத்தல் வாங்கி விடாதீர்கள்.

விறகு அடுப்புப் புகை, பீலித் தண்ணீரில் தலைக்குக் குளிப்பது, கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையில் இழுப்பது, மருந்து தெளிக்கும் மலையில் நிற்பது ஆகியவற்றை வைத்தியர் சொல்லும் வரை தவிருங்கள். "பாரம் தூக்க வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் வேலை என்ன என்பதை நீங்களே விளக்கி, எத்தனை நாள் என்று மருத்துவச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். தோட்டத்தில் வாய்ச்சொல் செல்லாது.

முதலில் நன்றாகத் தெரிந்து, நாலு முதல் எட்டுக் கிழமைக்குள் நடுப்பார்வை மங்கினால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கலாம். பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே சரியாகும். ஆனால் காட்ட வேண்டும்.

8. புதிய நரம்பு ஸ்கேன்: எங்களை அலைக்கழித்த இடம்

ஓ.சி.டி. என்பது ஒளியால் விழித்திரையின் அடுக்குகளை அளக்கும் ஸ்கேன். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலத்தின் தடிப்பை மைக்ரோனில் சொல்லும். நலமான கண்ணில் சராசரி ஏறக்குறைய 90 முதல் 100 வரை இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் போடும். சிவப்பு என்றால், ஒப்பிட்ட நலமான நூறு பேரில் ஒருவருக்கே இவ்வளவு மெலிதாக இருக்கும் என்று பொருள். ஆனால் அந்த ஒப்பீட்டுப் பட்டியலில் பெரும்பாலும் அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. நீண்ட கண்ணில் அளவு வட்டம் நரம்பில் இருந்து சற்றுத் தள்ளி விழுவதால் தடிப்புக் குறைவாகத் தெரியும். நரம்பிழைக் கற்றைகள் காதுப் பக்கமாக ஒதுங்கியிருப்பதால், இயந்திரம் எதிர்பார்க்கும் இடத்தில் அவை இருப்பதில்லை. ஆகவே நோயே இல்லாத கண்ணும் சிவப்பாக வரும்.

மறுபக்கமும் உண்மை. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே "எல்லாக் கிட்டப்பார்வைக்காரருக்கும் இப்படித்தான்" என்று யாராவது ஒதுக்கிவிட்டால் அதையும் ஏற்காதீர்கள். ஒரு ஸ்கேனின் நிறம் எதையும் தீர்க்காது. மாதங்கள் செல்லச் செல்ல அந்த எண் குறைகிறதா என்பதே தீர்க்கும். கூடவே அழுத்த அளவும் பார்வைப் புலச் சோதனையும் வேண்டும்.

இங்கேதான் புரை குழப்புகிறது. புரை இருக்கும்போது ஒளி சரியாக உள்ளே போகாது. படம் மங்கும், தடிப்புக் குறைவாக வரும். புரை போன பிறகு அதே நரம்பு தடித்ததுபோலத் தெரியும். சத்திரசிகிச்சையின் அழற்சியால் விழித்திரை சில மாதங்கள் இலேசாக வீங்கியும் இருக்கும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முந்திய ஸ்கேனையும் பிந்தியதையும் பக்கத்தில் வைத்து "கூடியது", "குறைந்தது" என்று சொல்ல முடியாது. முதல் மாதத்தில் எடுத்ததையும் பிறகு எடுத்ததையும் ஒப்பிட்டால், வீக்கம் வற்றுவதே நரம்பு தேய்வதுபோலத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லப்பட்ட "மெலிவு" அதுதான் என்பதைக் கடைசியில் ஒரு விழித்திரை நிபுணர் காகிதங்களை வரிசைப்படுத்தி வைத்துக் காட்டினார்.

செய்ய வேண்டியது இதுதான். சத்திரசிகிச்சை முடிந்து, சொட்டு மருந்தும் நின்று, ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுங்கள். அதை "முதல் அளவு" என்று தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்தவற்றை அதே வகை இயந்திரத்தில் எடுங்கள். ஒரு இயந்திரத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. தாளில் சமிக்ஞை வலிமை என்று ஓர் எண் இருக்கும். பத்துக்கு இத்தனை என்று காட்டும் இயந்திரத்தில் ஆறுக்குக் கீழ் இருந்தால் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணின் நீளத்தையும் பழைய மைனஸ் எண்ணையும் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

9. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டுவது. திடீரென்று கரும்புள்ளிகள், புகைக்கரி கொட்டியதுபோல. ஒரு பக்கத்தில் இருந்து திரை இறங்குவது. இவை விழித்திரை கிழிவதற்கோ கழல்வதற்கோ அடையாளம். வலி இருக்காது. சத்திரசிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்தும் வரலாம். நடுப்பார்வை இன்னும் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம், அங்கே மணித்தியாலங்கள்தான் கணக்கு. அடுத்த கிளினிக் திகதி வரை இருக்காதீர்கள். தோட்ட மருந்தகத்தில் சொட்டு மருந்து வாங்கிப் பார்க்காதீர்கள். விழித்திரை சத்திரசிகிச்சை எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய், கண்டி தேசிய வைத்தியசாலைக்கா கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கா என்று அன்றே அனுப்பச் சொல்லுங்கள். டயக்னோசிஸ் கார்ட்டை (சிகிச்சை விவரம் எழுதி வைத்தியசாலை தந்த அட்டையை) கையோடு கொண்டுபோங்கள். மண்சரிவால் பாதை மூடியிருந்தால் 1990 சுவசரிய அம்புலன்ஸ் சேவையை அழைத்துக் கேளுங்கள்.

நேர்கோடு வளைந்து தெரிவது வேறு விடயம். கோடு போட்ட அப்பியாசக் கொப்பியை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். கோடு நெளிந்தால் நடுப்பகுதியில் புதிய இரத்தக்குழாய் முளைத்திருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி உண்டு. சில நாட்களுக்குள் காட்டுங்கள்.

10. கண்ணுக்குள் வாயு வைத்தால் மலை ஏறாதீர்கள்

கழன்ற விழித்திரையை ஒட்டவைக்கச் சில வேளைகளில் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைப்பார்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்தக் குமிழ் விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றும். பார்வையே போகலாம். விமானத்தில் போகாதே என்று எல்லோரும் சொல்வார்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது போதும், நமக்குப் போதாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாமே ஆபத்தான உயரம்தான். பதுளை அவ்வளவு உயரமில்லை என்று நினைத்து ரயிலில் ஏறினால், அது ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல வழியாகத்தான் போகும். கண்டியில் சிகிச்சை பெற்றாலும் நுவரெலியாவுக்குப் போவது பெரிய ஏற்றம்.

வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு மூன்று கிழமையோ இரண்டு மாதமோ ஆகலாம். "என் வீடு இந்த ஊரில், இவ்வளவு உயரத்தில்" என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். வாயுவுக்குப் பதில் சிலிக்கன் எண்ணெய் வைக்க முடியுமா என்று அவர் யோசிக்கலாம். எண்ணெய் உயரத்தில் விரியாது, ஆனால் பின்னர் இன்னொரு சத்திரசிகிச்சையில் எடுக்க வேண்டியிருக்கும். வாயுதான் என்றால் தாழ்நிலத்தில் தங்க உறவினர் வீட்டையோ அறையையோ முன்கூட்டியே பாருங்கள். அந்தத் தங்குச் செலவும் உங்கள் கணக்கில் வர வேண்டும். குமிழ் முழுதும் கரைந்துவிட்டது என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகே மலை ஏறுங்கள். பயணத்தில் கண் கடுமையாக வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குங்கள்.

11. பிறகு வரும் லேசர்

மாதங்களோ வருடங்களோ கழிந்து, வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கலாம். "புரை திரும்பி வந்துவிட்டது" என்பார்கள். அது புரை அல்ல. யாக் லேசரில் சில நிமிடங்களில் சரியாகும், வெட்டுக்காயம் இல்லை. ஆனால் நீண்ட கண்ணில் அதற்குப் பிறகும் விழித்திரை கழலும் ஆபத்தை மனதில் வைக்க வேண்டும். மங்கல் உண்மையாகவே தொந்தரவு செய்கிறதா என்று முதலில் பாருங்கள். லேசருக்கு முன்பும், சில கிழமைகளுக்குப் பிறகும் கண்மணியை விரித்து ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் ஒன்றும் தெரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை அழுத்தம், விழித்திரை, நரம்பு ஸ்கேன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நாங்கள் தைப்பொங்கல் முடிந்த கிழமையை ஒதுக்கியிருக்கிறோம். அப்போது பெரும்பாலும் மழை குறைந்திருக்கும், பாதை திறந்திருக்கும்.